பேய் மாளிகை நடத்துவது எப்படி?

கையில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. இடிக்க மனம் வரவில்லை, பழுது பார்க்கப் பணம் இல்லை, வாடகைக்குக் கேட்டு வருகிறவரும் கழிவறையை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று போய்விடுகிறார். இந்த நிலையில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். வீட்டுக்கு ஒரு பேயை ஏற்பாடு செய்துவிட்டால் காரை பெயர்ந்த சுவர் கலைநயம் ஆகிவிடும்; எண்ணெய் காணாத கீல் சங்கீதம் ஆகிவிடும்; ஒட்டடை அடிக்க ஆள் வைக்கிற செலவும் மிச்சம்.

ஆனால் கண்ட பேயை நம்பித் தொழிலில் இறங்கிவிடக் கூடாது. இரண்டு நூற்றாண்டு தாக்குப்பிடித்த பேய் எதுவோ அதனிடம்தான் பாடம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரம், பிரெஞ்சு குவார்ட்டர் பகுதி, ராயல் தெருவும் கவர்னர் நிக்கல்ஸ் தெருவும் சந்திக்கும் மூலை, கதவு எண் 1140. லலோரி மாளிகை என்பார்கள். சாம்பல் பூச்சு, இரும்புப் பின்னல் வேலை செய்த பால்கனி, பார்வைக்கு வசதியான ஒரு வக்கீலின் வீடு போலத்தான் இருக்கும். பொழுது சாய்ந்ததும் எதிர் நடைபாதையில் சுற்றுலாக் கூட்டம் ஒன்று போக ஒன்று வந்து நிற்கும். அந்த ஊரில் தெருவில் நடந்துகொண்டே குடிக்கலாம், கண்ணாடிக் குப்பியாக இல்லாதவரை. ஆகவே பாதிப் பேர் கையில் பிளாஸ்டிக் டம்ளர். வழிகாட்டி குரலைத் தாழ்த்துவார். எல்லாரும் அண்ணாந்து மேல்மாடி ஜன்னலைப் படம் எடுப்பார்கள். பிறகு அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, திரைச்சீலை மடிப்புகளில் முகம் தேடுவார்கள். தேடினால் கிடைக்காமலா போகும்?

உள்ளே யாரையும் விடுவதில்லை. அது தனியார் வீடு. ஆக, முதல் பாடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பேய் வீட்டில் வீட்டுக்காரருக்குக் காலணா லாபம் கிடையாது. எதிர் நடைபாதையைப் பிடித்தவர்தான் பிழைத்தார். வீட்டை விற்றுவிட்டு நடைபாதைக்கு வந்துவிடுவது உத்தமம்.

சரி, பேய்க்கு வருவோம். ஒரு பெரிய இடத்துப் பெண்மணி கட்டாயம் தேவை. குடிசையில் நடந்த கொலைக்குப் பேய் வராது. வந்தாலும் அதைப் பார்க்க யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். டெல்ஃபீன் மகார்த்தி 1787இல், நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது பிறந்தவர். அத்தையின் கணவர் எஸ்தெபான் மிரோ அப்போது ஆளுநர். குடும்பத்து உறவினர் ஒருவர் பின்னால் அதே நகரத்தின் மேயர். பதின்மூன்று வயதில் ஒரு ஸ்பானிய அதிகாரியைக் கல்யாணம் செய்தார். அவர் சில ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தார். 1808இல் வந்தவர் ழான் பிளாங்க்: வங்கி, வியாபாரம், வக்கீல் தொழில், சட்டமன்றம் எல்லாம் பார்த்தவர், அடிமை வியாபாரமும் செய்தவர். அவரும் போன பிறகு டாக்டர் லூயி லலோரி, அம்மையாரைவிட வயதில் மிக இளையவர். மூன்று கணவர்கள் என்றதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு சொல்லப்போவதற்கு அது நல்ல மேடை.

1831இல் ராயல் தெரு மனையை அம்மையார் தம் பெயரிலேயே வாங்கினார். 1832க்குள் வீடு எழும்பிவிட்டது. விருந்து, உபசாரம், பட்டு, வெள்ளித் தட்டு. இன்னொன்றும் கவனியுங்கள்: 1819இல் ஒருவர், 1832இல் ஒருவர் என இரண்டு அடிமைகளுக்கு அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருக்கிறார். ஆவணம் இருக்கிறது. இதைச் சுற்றுலாவில் சொல்லவே கூடாது. வந்தவர்கள் அரக்கியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். ஒரு கையால் விடுதலை எழுதி இன்னொரு கையால் சவுக்கு எடுத்தவர் என்று சொன்னால் குழம்பிப்போவார்கள். குழம்பியவர்கள் அடுத்த மதுக்கடையில் இறங்கிவிடுவார்கள்.

குற்றத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கைத்திறன். அது ஊர் முழுக்கத் தெரிந்த குற்றமாக இருக்க வேண்டும். ஆனால் யாரும் எதுவும் செய்ய வேண்டியிராத குற்றமாகவும் இருக்க வேண்டும். இதற்குத் தோதான சட்டம் அன்றைய லூசியானாவில் தயாராக இருந்தது. அடிமை என்பவர் சொத்து. அடிமையைக் கொடுமை செய்யக் கூடாது என்று ஒரு விதி. வெள்ளையருக்கு எதிராக அடிமை சாட்சி சொல்லக் கூடாது என்று இன்னொரு விதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், நீதிமன்றத்துக்கு வேலை மிச்சம்.

சில ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ, காதில் விழுந்ததை 1838இல் அச்சிட்ட தம் பயண நூலில் எழுதிவைத்தார். வதந்தி முற்றியதும் ஒரு வக்கீலை அனுப்பி, அடிமைகளைப் பராமரிக்கும் சட்டம் இன்னது என்று அம்மையாருக்கு ஞாபகப்படுத்தினார்களாம். போனவர் உபசாரத்தில் மயங்கித் திரும்பினார். பிறகு ஒரு நாள், எட்டு வயது இருக்கும் ஒரு சிறுமியை அம்மையார் சவுக்கோடு துரத்தியதையும், அவள் படி படியாக ஏறிக் கூரைக்குப் போனதையும் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்தார். விழுந்த சத்தத்தைக் கேட்டார். விசாரணை நடந்து, தண்டனையாக ஒன்பது அடிமைகளைப் பறிமுதல் செய்து விற்றார்கள். உறவினர்களை விட்டு அவர்களை வாங்கவைத்து அம்மையார் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தார். பின்னால் வந்த கதைகளில் அந்தச் சிறுமிக்கு லியா என்று பெயர் வந்தது. தலை வாரும்போது சிக்கில் சீப்பு மாட்டியது என்று காரணமும் வந்தது. வழிகாட்டிகளுக்கு அந்தச் சீப்பு ரொம்பப் பிடிக்கும். திரும்ப விலைக்கு வாங்கிய கதையில் அவ்வளவு சுவை கிடையாது. பத்திரம், ஏலம், கையெழுத்து என்று அலுவலகச் சமாசாரம்.

இனி நெருப்பு. நெருப்பு இல்லாமல் பேய் மாளிகை எடுபடாது. 1834 ஏப்ரல் 10 காலை, சமையல்கட்டில் தீப் பிடித்தது. உள்ளே போனவர்கள் கண்டது: எழுபது வயதுச் சமையற்காரி, கணுக்காலில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனை அடுப்பில். தீ வைத்தது தான்தான் என்று அந்த மூதாட்டியே சொன்னார். மேல் அறைக்குக் கொண்டுபோனால் திரும்பி வருவதில்லை, அதற்கு வெந்து சாவது மேல் என்று நினைத்தாராம். அடுப்போடு கட்டப்பட்ட ஒருவருக்குக் கைக்கு எட்டிய ஒரே ஆயுதம் அடுப்புதான். அதை அவர் பயன்படுத்தியிராவிட்டால் இன்று இந்த நடைபாதையில் தொழிலே இல்லை. மொத்த வியாபாரத்தையும் தொடங்கிவைத்தவர் அவர். அவர் பெயரை எந்தச் சுற்றுலா அறிவிப்புப் பலகையிலும் போட வேண்டியதில்லை.

தீயணைக்க வந்தவர்களில் நீதிபதி கனோன்ஜும் இருந்தார். மேலே ஆட்கள் பூட்டிக்கிடக்கிறார்களே, சாவி எங்கே என்று கேட்டபோது, பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடாமல் அவரவர் வீட்டில் இருப்பது நல்லது என்ற பொருளில் டாக்டர் லலோரி பதில் சொன்னார். வீடு எரிந்துகொண்டிருக்கும்போதும் இப்படி ஒரு வாசகம் வாயில் வருகிறது என்றால் அது பரம்பரையாக ஊறியது. கதவை உடைத்தார்கள். உள்ளே ஏழு பேர். கழுத்தில் முள் வளையம், உடம்பில் சவுக்கின் ஆழம், பட்டினி. மறுநாள் உள்ளூர் நாளிதழ் விவரமாக அச்சிட்டது.

அதற்கப்புறம் நடந்ததைத் தொழில் கற்பவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த ஏழு பேரையும் ஊர்ச் சிறைச்சாலைக்குக் கொண்டுபோய், பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களை மீட்டு ஏன் சிறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்கக் கூடாது. இரண்டே நாளில் 4,000 பேர்வரை வந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பத்திரிகைச் செய்தி. ராயல் தெருவின் முதல் திகில் சுற்றுலா அதுதான். பேய் இன்னும் பிறக்கவே இல்லை, கூட்டம் தயார்.

பார்த்துவிட்டு வந்த கூட்டம் மாளிகைக்குள் புகுந்தது. பியானோ, கட்டில், கண்ணாடி, கைப்பிடிச் சட்டம் எல்லாம் தூள். ஷெரிப் ஆட்களோடு வந்து கலைத்தபோது மிச்சமிருந்தவை சுவர்கள். அம்மையார் அதற்குள் கோச்சு வண்டி ஏறி, துறைக்குப் போய்க் கப்பல் பிடித்துவிட்டார். மொபீல் வழியாகப் பாரிஸ். வழக்கு இல்லை, தண்டனை இல்லை. கோபம் தீர்ந்த கூட்டம் வீடு திரும்பியது. அந்த ஊரில் அன்று இரவு எத்தனை வீடுகளில் சாப்பாடு பரிமாறியவர்கள் அடிமைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியம்: ஊரில் ஒருத்தியை அரக்கி ஆக்கிவிட்டால் மற்ற வீடுகள் எல்லாம் தாமாகவே நல்ல வீடுகள் ஆகிவிடும். நாற்காலியை உடைப்பது மிகுந்த நிம்மதி தரும். அதற்குப் பிறகு சட்டத்தை உடைக்க யாருக்கும் கை வலிக்கும்.

அடுத்தது கணக்கு. ஏழு என்பது சுற்றுலாவுக்குப் போதாது. நல்ல பேய்க்கதை வட்டிக்கு விட்ட பணம் போல, சும்மா கிடந்தாலும் வளர வேண்டும். மார்ட்டினோ கேட்டதை எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து எழுத்தாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள் மறுபடி எழுதினார். 1946இல், நெருப்பு அணைந்து 112 ஆண்டு ஆனபின், ஜீன் டிலவீன் என்பவரின் பேய்க்கதைத் தொகுப்பில் ஆதாரம் எதுவும் இல்லாமலே உடைத்து மாற்றி ஒட்டிய எலும்புகளும் துளையிட்ட மண்டைகளும் வந்து சேர்ந்தன. பிறகு தரைப் பலகைக்கு அடியில் பிணங்கள். எண்ணிக்கை எழுபதைத் தாண்டிவிட்டது. யாராவது ஆதாரம் கேட்டால் ஜன்னலைக் காட்டுங்கள்.

ஜன்னல் என்றதும் நினைவு வருகிறது. 1832இல் கட்டியது இரண்டு மாடி வீடு. அது எரிந்து, உடைந்து, சில ஆண்டு பாழாகக் கிடந்தது. 1838க்குப் பிறகு பியேர் த்ராஸ்தூர் என்பவர் வாங்கி மறுபடி கட்டியதுதான் இன்று நாம் காண்கிற தோற்றம். மூன்றாவது மாடியும் அம்மையார் ஊரைவிட்டுப் போன பிறகு ஏறியது. கூட்டம் அண்ணாந்து படம் எடுக்கிற அந்த மேல்மாடி ஜன்னலுக்கு, குற்றம் நடந்த காலத்தில் வெறும் காற்றுதான். பேய்களுக்கு இதனால் ஒன்றும் சிரமமில்லை. கட்டட அனுமதி கேட்டா குடியேறுகின்றன? இருந்தாலும் கூட்டத்தில் சிவில் எஞ்சினியர் யாராவது இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

எல்லாப் பேயையும் உள்ளே விடவும் கூடாது. இதே கட்டடம் உள்நாட்டுப் போருக்குப் பிறகு கொஞ்ச காலம் பெண்களுக்கான அரசு உயர்நிலைப் பள்ளியாக இருந்தது. கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் ஒரே வகுப்பில் படித்தார்கள். 1874 டிசம்பரில் வெள்ளையர் சங்கம் என்ற ஆயுதக் கும்பலின் ஆட்கள் உள்ளே வந்து, மாணவிகளை ஒருவர் ஒருவராக நிறுத்தி, உன் பரம்பரையில் கறுப்பு ரத்தம் உண்டா என்று விசாரித்து வெளியேற்றினார்கள். சிலருடைய நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாமல் திணறினார்களாம். பட்டப்பகலில், முகமூடி கூட இல்லாமல், அதே மாளிகைக்குள். கேபிள் இதையும் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தக் கதையில் சங்கிலிச் சத்தம் இல்லை, குளிர்காற்று இல்லை. வந்தவர்கள் எல்லாம் உயிரோடு இருந்தவர்கள். சுற்றுலாவில் சேர்த்தால் சிலருக்குத் தங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிடக் கூடும். விட்டுவிடுங்கள்.

அதேபோல், ராயல் தெருவிலேயே பத்து நிமிடம் நடந்தால் செயின்ட் லூயி தெரு முனை வரும். செயின்ட் லூயி ஹோட்டல் அங்கேதான் இருந்தது. பெரிய வட்டக் கூடத்துக் குவிமாடத்தின் கீழ் ஓவியம், நிலம், மனிதர்கள் என்று ஏலம் போட்டார்கள். இப்போது வேறொரு ஹோட்டல். பழைய சுவர்த் துண்டு ஒன்று மங்கிய எழுத்துகளோடு பின்தெருப் பக்கம் நிற்கிறது. அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தை அந்த நகரம்தான். அங்கே பேய் உலாவுகிறது என்று டிக்கெட் போட்டால் எடுபடாது. ஏனென்றால் அங்கே நடந்தது வியாபாரம், ரசீது உண்டு.

சில்லறைக் குறிப்புகள் சில. சினிமாக்காரர் ஒருவர் வீட்டை வாங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 2007இல் நடிகர் நிக்கோலஸ் கேஜ் இந்த வீட்டை ஏறத்தாழ 34 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2009இல் கடனுக்கு ஏலம் போய், ஒரு வங்கி 23 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. அவரைப் பேய் துரத்தியது என்று சொல்லிக்கொள்ளலாம், துரத்தியது வருமான வரியும் வங்கியும் ஆனாலும். அதே ஊரின் செயின்ட் லூயி முதல் கல்லறைத் தோட்டத்தில் அவர் தமக்காகக் கட்டிவைத்த வெள்ளைப் பிரமிடையும் அதே சுற்றுலாவில் சேர்க்கலாம். ரசிகைகள் அதில் உதட்டுச்சாய முத்தம் பதித்துவைத்திருக்கிறார்கள். 2013இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் கேத்தி பேட்ஸ் மேடம் லலோரியாக நடித்தார். அதற்குப் பிறகு நடைபாதையில் இளைஞர் கூட்டம் தானாகவே வரும். அம்மையாரின் சாவுக்கும் நல்ல கதை வேண்டும். பிரான்ஸில் வேட்டையாடும்போது காட்டுப்பன்றி குத்தியது என்பது பழைய சரக்கு. பாரிஸ் ஆவணங்கள் 1849 டிசம்பர் 7 என்று ஒரு தேதி மட்டும் சொல்கின்றன. பன்றியே இருக்கட்டும்.

ஒரே ஒரு கடிதத்தை மட்டும் கண்ணில் காட்டிவிடாதீர்கள். 1842இல் பாரிஸிலிருந்து அம்மையாரின் மகன் தன் குடும்பத்துக்கு எழுதியது. அம்மா நியூ ஆர்லியன்ஸுக்கே திரும்பிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ஊரை விட்டு எதற்காகப் போக நேர்ந்தது என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கியதாகவே தெரியவில்லை என்று கவலைப்படுகிறான் மகன். பத்துப் பிணம் சேர்த்துச் சொல்லும் எந்தக் கதையைவிடவும் எனக்கு இது அச்சமூட்டுகிறது. ஆனால் இருட்டில் டார்ச் அடித்து இதைச் சொல்ல முடியாது.

கடைசியாக, தொந்தரவு பிடித்த வாடிக்கையாளரைச் சமாளிப்பது. அந்த ஊரில் வழிகாட்டியாக இருக்க நகராட்சி உரிமம் வேண்டும், அதற்கு ஊர் வரலாற்றில் தேர்வும் உண்டு. எனவே எப்போதாவது ஒருவர் விவரமாகக் கேள்வி கேட்பார். செத்துப்போனவர்களின் பெயர் என்ன என்பார். பெயர்கள் இருக்கின்றன, அதுதான் சிக்கல். வரலாற்றாசிரியர் கரோலின் மாரோ லாங் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டி, 1830க்கும் 1834க்கும் இடையில் அம்மையாரின் அடிமைகளில் 12 பேர் இறந்ததை எடுத்துக்காட்டினார். அவர்களில் பொன் என்ற பெண், சமையலும் சலவையும் பார்த்தவர், முப்பது வயது. இன்று ஹைதி என்கிற நாட்டிலிருந்து அகதியாக வந்த ஒருவரிடம் முன்பு அடிமையாக இருந்தவர். அவரை விற்ற பத்திரத்தில் 'ஓயாமல் ஓடிப்போகிறவள்' என்று குறை எழுதியிருந்தது. அவரும் 1833இல் இறந்தார். அவருடைய குழந்தைகள் நால்வரும் இறந்தார்கள்: ஃப்ளோரன்ஸ் பத்து வயது, லியோன்டீன் இரண்டு வயது, இருவரும் 1831இல். ஜூலியெட் பதின்மூன்று, ஜூல் ஆறு, இருவரும் 1833இல். எதனால் என்று பதிவேடு எழுதவில்லை.

இதைக் கேட்டவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சலா, பட்டினியா, அடியா, அந்தத் தெருவில் மற்ற வீடுகளின் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்றெல்லாம் ஆரம்பிப்பார். வாதம் செய்ய வேண்டாம். கட்டணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்து, மரியாதையாக வழியனுப்பிவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தை எப்படிச் செத்தது என்று கேட்கிறவரை வைத்துக்கொண்டு பேய் வியாபாரம் நடத்த முடியாது. பின்னால் அடுத்த கூட்டம் வேறு வந்து நிற்கிறது.